சின்ன ஸ்போர்ட்டி கார் வாங்கும்போது விலையும் ஆப்ஷனும் பேசுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எனக்காகவும், நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் துணையாகவும் பல ஷோரூம் படி ஏறியிருக்கிறேன். புதிதாக வாங்குபவர்களில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் ஒன்றுதான். எந்த வேரியண்ட், எந்தெந்த ஆப்ஷன் என்று முடிவு செய்யும் முன்பே "எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டுவிடுகிறார்கள். அப்புறம் பேச்சின் நடுவில் வேரியண்ட் மாறும், ஒரு பேக்கேஜ் சேரும், இன்னொன்று கழியும். கடைசியில் தங்களுக்கு உண்மையிலேயே எவ்வளவு குறைந்தது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

சாதாரணக் குடும்பக் காரில் இந்தத் தவறு கொஞ்சம் பணத்தோடு போய்விடும். சின்ன ஸ்போர்ட்டி காரில் வண்டியே மாறிவிடும். ஒரே பெயர், ஒரே எஞ்சின், ஒரே நிறத்தில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (பிடிப்புள்ள சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தியை அனுப்பும் பாகம்) இருக்கும், மற்றதில் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது தெரியும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் வண்டி, பிறகு மொத்தத் தொகை, பிறகு பழைய வண்டி, பிறகு கடன், கடைசியில் மற்றவை.

1. ஷோரூமுக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

உற்பத்தியாளர் வெளியிடும் இப்போதைய விலைப் பட்டியலையும் ஆப்ஷன் பட்டியலையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போன வருடத்துப் பட்டியல் போதாது. வேரியண்டின் பெயர் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் பொருட்கள் வருடத்துக்கு வருடம் மாறும்.

அடுத்தது இன்சூரன்ஸ். ஸ்போர்ட்டி வேரியண்டுக்குப் பிரீமியம் சாதாரண வேரியண்டைவிடக் கூடுதலாக வருவது வழக்கம். எஞ்சின் சக்தி, ஓட்டுபவரின் வயது, பழுதுச் செலவு எல்லாம் அதில் சேரும். பேரம் முடிந்து முன்பணம் கட்டிய பிறகு இந்தத் தொகையைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு. வெளியில் இரண்டு நிறுவனங்களிடம் முன்கூட்டியே விலைப்புள்ளி வாங்கிவிடுங்கள். இதே தாள் பின்னால் ஷோரூம் தரும் இன்சூரன்ஸை ஒப்பிடவும் உதவும்.

கடன் வாங்குவதாக இருந்தால், உங்கள் வங்கியிடம் எவ்வளவு தருவார்கள், என்ன வட்டி என்று எழுத்தில் கேளுங்கள். பழைய வண்டி இருந்தால் வெளியில் இரண்டு இடத்தில் அதற்கு விலை கேட்டு வையுங்கள்.

கடைசியாக, உங்கள் உச்சவரம்பு. அது வண்டியின் விலைக்கு மட்டுமான எண்ணாக இருக்கக் கூடாது; வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வண்டி ரோட்டில் இறங்க ஆகும் மொத்தத் தொகைக்கான எண்ணாக இருக்க வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஷோரூம் விளக்கு வெளிச்சத்தில் மனதில் இருக்கும் எண் தானாக ஏறும். எழுதிய எண் ஏறாது.

2. உங்கள் வண்டி கையிருப்பில் கிடைப்பதா, காத்திருந்து வாங்குவதா

பேரத்தில் உங்களுக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதை இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது.

சாதாரண ஹேட்ச்பேக்கின் சக்தி கூடிய வேரியண்ட் பெரும்பாலும் கையிருப்பில் இருக்கும். ஷோரூமில் நிற்கும் வண்டிகளை அநேக விற்பனையாளர்கள் கடனில்தான் வாங்கி வைத்திருப்பார்கள். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவர்களுக்கு வட்டி ஓடுகிறது. நான்கு மாதமாக நிற்கும் மஞ்சள் நிற வண்டிக்கும் நேற்று இறங்கிய வெள்ளை வண்டிக்கும் ஒரே தள்ளுபடி இருக்காது. "இது எப்போது இறங்கியது?" என்று சாதாரணமாகக் கேளுங்கள்.

குறைந்த எண்ணிக்கையில் வரும் வண்டியின் கதை வேறு. ஒவ்வொரு ஷோரூமுக்கும் சில வண்டிகளே ஒதுக்கப்படும், வாங்குவோர் வரிசையில் நிற்பார்கள். இங்கே தள்ளுபடி கேட்டால் பேச்சு அத்தோடு முடியும். சில இடங்களில் பட்டியல் விலைக்கு மேலேயே கேட்பார்கள். அப்படிப்பட்ட வண்டிக்கு உங்கள் இலக்குகள் மூன்று: பட்டியல் விலைக்கு மேல் கொடுக்காமல் இருப்பது, வேண்டாத பொருட்களைத் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்வது, வரிசையில் உங்கள் இடத்தை எழுத்தில் உறுதி செய்வது. பல ஊர் ஷோரூம்களில் கேளுங்கள். தொலைவில் இருக்கும் சிறிய ஷோரூமில் ஒரு ஒதுக்கீடு ஆளில்லாமல் இருப்பதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

புதிய முகம் கொண்ட மாடல் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்திருந்தால் பழைய மாடலின் கையிருப்பு இளகும். அதேபோல் போன வருடம் தயாரித்து இந்த வருடம் விற்கும் வண்டி. பின்னால் நீங்கள் விற்கும்போது பல சந்தைகளில் தயாரிப்பு வருடத்தையும் பார்த்துத்தான் விலை போடுவார்கள். ஆகவே அந்த ஒரு வருட இழப்பு இன்றைய தள்ளுபடியில் தெரிய வேண்டும்.

3. ஆப்ஷன்களைப் பிரித்துப் போடுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். ஒரு தாளை எடுத்து எல்லா ஆப்ஷனையும் இரண்டு பத்தியில் எழுதுங்கள்: தொழிற்சாலையில் மட்டுமே பொருத்தக்கூடியவை, பின்னால் எப்போது வேண்டுமானாலும் பொருத்தலாம் என்பவை.

முதல் பத்தியில் வருபவை: கியர்பாக்ஸ் வகை, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், பெரிய பிரேக், கடினத்தை மாற்றக்கூடிய டாம்பர் (ஷாக் அப்சார்பர்), ஏர்பேக் உள்ளே இருக்கும் ஸ்போர்ட்ஸ் சீட், ரேடாரும் கேமராவும் சார்ந்த பாதுகாப்பு வசதிகள். இவற்றைப் பின்னால் சேர்ப்பது பல மடங்கு செலவு; வாரண்டியும் சிக்கலாகும். இரண்டாவது பத்தியில் வருபவை: மேட், ஸ்பீக்கர், சன் ஃபிலிம், டேஷ் கேமரா, டயர், பெரும்பாலும் அலாய் வீலும்தான்.

பணம் முதல் பத்திக்குப் போக வேண்டும். நான் பார்த்த புதியவர்கள் நேர் எதிராகச் செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் சன்ரூஃபுக்கும் பெரிய திரைக்கும் பணம் கொடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத டிஃபரன்ஷியலை "அது எதுக்கு" என்று விட்டுவிடுகிறார்கள்.

அது எதற்கு என்றால்: முன்சக்கர இயக்கம் உள்ள சக்திவாய்ந்த சின்ன காரில், வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் மேல் எடை குறையும். சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால் அந்தச் சக்கரம் வெறுமனே சுழல, சக்தி வீணாகும், வண்டி வெளிப்பக்கம் தள்ளும். லிமிடெட் ஸ்லிப் வகை பிடிப்புள்ள சக்கரத்துக்கும் சக்தியை அனுப்பும். நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் சாலையில் இறங்குவது இதன் வழியாகத்தான்.

இந்தப் பொருள் பெரும்பாலும் தனியாகக் கிடைக்காது, ஒரு பேக்கேஜுக்குள் ஒளிந்திருக்கும். ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ-யில் பெர்ஃபார்மன்ஸ் பேக் எடுத்தால் 220 குதிரைத்திறன் 230 ஆனது, பெரிய பிரேக்கும் முன் அச்சில் லிமிடெட் ஸ்லிப் போல வேலை செய்யும் டிஃபரன்ஷியல் லாக்கும் சேர்ந்தன. அந்த 10 குதிரைத்திறனை மட்டும் பார்த்து "இதுக்கா இவ்வளவு" என்று ஒதுக்கியவர்கள் மற்ற இரண்டையும் இழந்தார்கள். 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி-யிலும் க்வைஃப் நிறுவனத்தின் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பெர்ஃபார்மன்ஸ் பேக்கோடுதான் வந்தது. டொயோட்டா ஜிஆர் யாரிஸை ஐரோப்பாவில் விற்றபோது முன்னும் பின்னும் டார்சன் என்ற லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியல் சர்க்யூட் பேக்கில் இருந்தது. பேக்கேஜின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். சந்தைக்குச் சந்தை இந்த உள்ளடக்கம் மாறும் என்பதால் வெளிநாட்டு வீடியோவை நம்பியும் முடிவு செய்யாதீர்கள்.

அலாய் வீல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 225/45 R17 டயரின் (225 மில்லிமீட்டர் அகலம், அதில் 45 சதவீதம் பக்கச்சுவர், 17 அங்குல ரிம்) பக்கச்சுவர் உயரம் சுமார் 101 மில்லிமீட்டர். அதே வண்டிக்கு 18 அங்குலத்தில் 225/40 போட்டால் 90 மில்லிமீட்டர். 19 அங்குலத்தில் 225/35 என்றால் 79-க்கும் குறைவு. குழியில் இறங்கும்போது ரிம்மைக் காப்பது இந்த ரப்பர்தான். பெரிய வீல் பெரும்பாலும் கூடுதல் எடை. டயர் மாற்றும்போது ஒவ்வொரு முறையும் கூடுதல் செலவு. அதோடு சஸ்பென்ஷன் ஏற்கெனவே கெட்டியாக இருக்கும் வண்டி இது. தினமும் ஓட்டுகிற வண்டிக்கு நான் எப்போதும் சின்ன வீலைத்தான் சொல்வேன், மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.

சிவப்பு வண்ணம் பூசிய பிரேக் காலிப்பரும் (டிஸ்கைப் பிடிக்கும் பாகம்) பெரிய பிரேக்கும் ஒன்றல்ல. டிஸ்கின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். இரண்டு வேரியண்டுக்கும் ஒரே எண் வந்தால் நீங்கள் வண்ணத்துக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

சன்ரூஃப் வண்டியின் மிக உயரமான இடத்தில் எடை சேர்க்கும், தலைக்கு மேலே இருக்கும் இடத்தையும் தின்னும். ஹெல்மெட் போட்டு டிராக்கில் ஓட்டும் எண்ணம் இருந்தால் உட்கார்ந்து அளந்து பார்க்காமல் எடுக்காதீர்கள்.

தாள் முடிந்ததும் மேலே மூன்று வரி எழுதுங்கள்: இது இல்லாமல் வாங்க மாட்டேன், இருந்தால் நல்லது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மூன்றாவது வரி பேரத்தில் எவ்வளவு உதவும் என்று பின்னால் தெரியும்.

4. ஓட்டிப் பாருங்கள், அன்று விலை பேசாதீர்கள்

டெஸ்ட் டிரைவும் பேரமும் ஒரே நாளில் நடக்கக் கூடாது. நல்ல சின்ன ஸ்போர்ட்டி காரை ஓட்டிவிட்டு இறங்கும் யாருடைய முகத்திலும் ஆசை எழுதி ஒட்டியிருக்கும். விற்பனையாளர் அதைப் படிக்கத் தெரிந்தவர். ஓட்டிப் பார்த்து, நன்றி சொல்லி, வீட்டுக்கு வாருங்கள்.

ஓட்டும்போது நீங்கள் வாங்கப்போகும் அதே வேரியண்டா என்று முதலில் கேளுங்கள். டெஸ்ட் டிரைவுக்குப் பெரும்பாலும் மேல்நிலை வேரியண்டைத்தான் வைத்திருப்பார்கள். மோசமான சாலையில் ஒருமுறை, வேகத்தடையில் ஒருமுறை, நெரிசலில் ஒருமுறை ஓட்டுங்கள். கிளட்ச் கால் வலிக்கிறதா, சீட்டின் பக்கவாட்டுத் திண்டு விலாவை அழுத்துகிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரியாது. அரை மணி நேரமாவது கேளுங்கள்.

டெமோ வண்டியையே குறைந்த விலைக்குத் தருகிறோம் என்பார்கள். சாதாரணக் காரில் இது நல்ல வாய்ப்பாக இருக்கலாம். ஸ்போர்ட்டி காரில் யோசியுங்கள். எஞ்சின் சூடாகும் முன்பே பல பேர் முழு வேகத்தில் மிதித்திருப்பார்கள், கிளட்ச்சையும் டயரையும் சோதித்திருப்பார்கள். வாங்குவதானால் கிளட்ச், பிரேக், டயர் மூன்றையும் தனி மெக்கானிக் பார்த்த பிறகுதான்.

5. மூன்று இடத்தில் மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள்

இப்போது உங்கள் தாளில் வேரியண்ட், நிறம், பேக்கேஜ் எல்லாம் உறுதியாகிவிட்டன. அதை ஒரே மாதிரியாக மூன்று ஷோரூம்களுக்கு அனுப்புங்கள். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ இப்படி எழுதினால் போதும்: "இந்த வேரியண்ட், இந்த நிறம், இந்த பேக்கேஜ். வேறு எந்தப் பொருளும் சேர்க்க வேண்டாம். வரி, பதிவு, இன்சூரன்ஸ், உங்கள் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து சாவி கைக்கு வரும்வரை ஆகும் மொத்தத் தொகையை வரி வரியாக அனுப்புங்கள். இன்னும் இரண்டு இடங்களில் கேட்டிருக்கிறேன். இந்த மாதத்துக்குள் முடிவு செய்வேன்."

வரி வரியாக ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. பட்டியல் விலை 1000 என்று வைத்துக்கொள்வோம், வரியும் பதிவும் சேர்த்து 120. முதல் ஷோரூம் 50 தள்ளுபடி தருகிறது. ஆனால் பொருட்கள் என்று 35, கையாளும் கட்டணம் என்று 15, இன்சூரன்ஸ் 48 போடுகிறது. மொத்தம் 1168. இரண்டாவது ஷோரூம் 20 மட்டுமே குறைக்கிறது. வேறு எதுவும் சேர்க்கவில்லை, இன்சூரன்ஸ் 40. மொத்தம் 1140. தள்ளுபடியை மட்டும் பார்த்தவர் முதல் ஷோரூமுக்குப் போய் 28 அதிகம் கொடுப்பார்.

எழுத்தில் தர மறுக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். "நேரில் வாங்க, பேசிக்கலாம்" என்பதற்கு ஒரு அர்த்தம்தான்: பேசும்போது எண் மாறும்.

6. ஒரே ஒரு எண்ணைப் பேசுங்கள்

மூன்று தொகையும் வந்ததும், உங்களுக்கு வசதியான ஷோரூமுக்கு நேரில் போங்கள். வார நாளில், கூட்டமில்லாத காலை நல்லது. மாதக் கடைசியும் காலாண்டுக் கடைசியும் இன்னும் நல்லது. உற்பத்தியாளர் வைக்கும் விற்பனை இலக்கை எட்டினால் ஷோரூமுக்குத் தனி ஊக்கத்தொகை உண்டு. இலக்குக்கு இரண்டு வண்டி குறைவாக இருக்கும்போது உங்கள் ஒரு வண்டிக்கு மதிப்பு கூடும்.

மொத்தத் தொகையைப் பற்றி மட்டும் பேசுங்கள். "1140 வேறு இடத்தில் கிடைக்கிறது. உங்கள் சர்வீஸ் எனக்குப் பக்கம். 1130-க்கு முடித்தால் இன்றே முன்பணம் கட்டுகிறேன்." இதைச் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். புதியவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். எதிரில் இருப்பவர் ஐந்து வினாடி பேசாமல் இருந்தால் பதறிப்போய் "சரி, 1135?" என்று தாங்களே ஏற்றிவிடுகிறார்கள். பேச வேண்டியது அவர்தான். காத்திருங்கள்.

விற்பனையாளர் மேலாளரிடம் கேட்டு வருகிறேன் என்று எழுந்து போவார். அவருக்கு உண்மையிலேயே ஒரு வரம்பு உண்டு, அதற்கு மேல் அனுமதி வாங்கத்தான் வேண்டும். ஆகவே கோபப்படாதீர்கள், அவமானப்படுத்தும்படி பேசாதீர்கள். அவர் மேலாளரிடம் உங்களுக்காகப் பேச வேண்டியவர். மரியாதையாக, தயாராக வந்திருக்கிறவருக்காகத்தான் அவர் வாதாடுவார்.

திரும்பி வந்து "விலை குறையாது, ஆனா பெரிய அலாய் வீல் சேர்த்துத் தர்றோம்" என்பார். இப்போது உங்கள் தாளின் மூன்றாவது வரி வேலை செய்யும். "அது எனக்கு வேண்டாம். அதன் விலையை மொத்தத்தில் கழித்துவிடுங்கள்." பொருளுக்கு ஷோரூம் கொடுக்கும் அடக்க விலை அதன் பட்டியல் விலையைவிடக் குறைவு. 20 மதிப்புள்ள பொருள் என்று அவர் சொல்வது அவருக்கு 12-க்கே அடங்கியிருக்கலாம். அந்த 12-ஐப் பணமாகக் கேட்பது உங்களுக்கு லாபம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. காத்திருந்து வாங்கும் வண்டியில் பணம் குறையவே குறையாது. அங்கே நீங்கள் எப்படியும் வாங்கப்போகும் பொருளை, உதாரணமாக மேட், முதல் எண்ணெய் மாற்றம், இன்னொரு செட் டயர் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள்.

"இந்த விலை இன்னிக்கு மட்டும்தான்" என்று சொன்னால், எழுந்து நன்றி சொல்லி வாருங்கள். உற்பத்தியாளரின் சலுகைக்கு அறிவிக்கப்பட்ட கடைசித் தேதி இருக்கும், அதைக் கேளுங்கள். மற்றபடி இன்று கிடைக்கும் விலை நாளைக் காலையிலும் பெரும்பாலும் கிடைக்கும்.

7. பழைய வண்டியை அப்புறம் பேசுங்கள்

புது வண்டியின் தொகை எழுத்தில் வரும்வரை பழைய வண்டி இருப்பதையே சொல்ல வேண்டாம். கேட்டால் "இன்னும் முடிவு செய்யவில்லை" என்பது போதும்.

காரணம் எளிது. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிவிடலாம். வெளியில் 200 போகும் பழைய வண்டிக்கு 220 தருகிறோம் என்பார்கள், மனம் மகிழும். புது வண்டியில் கிடைக்க வேண்டிய 40 தள்ளுபடி அமைதியாகக் காணாமல் போயிருக்கும். தனித்தனியாகப் பேசினால் இந்த விளையாட்டுக்கு இடமில்லை. சில நாடுகளில் எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் வரி குறையும், அப்படி இருந்தால் அந்தத் தொகையையும் கணக்கில் சேருங்கள்.

8. கடன்: மாதத் தவணையைப் பேசாதீர்கள்

"மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். ஒரு எண் சொன்னால் அந்த எண்ணுக்குள் அடங்கும்படி வருடங்களை நீட்டி, வேண்டாத ஆப்ஷனையும் உள்ளே வைத்துவிடலாம். தவணை மாறாது, கட்டும் மொத்தப் பணம் ஏறும்.

வட்டி எந்த வகை என்று கேளுங்கள். நிலையான வட்டி (ஃபிளாட் ரேட்) என்றால் நீங்கள் அடைத்த அசலுக்கும் கடைசிவரை வட்டி கட்டுகிறீர்கள். 1,00,000 கடன், 6 சதவீத நிலையான வட்டி, 36 மாதம் என்றால் வட்டி 18,000. மாதம் சுமார் 3,278. குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் இது ஏறக்குறைய 11 சதவீதத்துக்குச் சமம். உங்கள் வங்கி குறையும் முறையில் 9 சதவீதம் சொல்லியிருந்தால், கேட்க 6 சின்னதாகத் தெரிந்தாலும் வங்கிதான் மலிவு.

பூஜ்ய வட்டிக் கடன் என்று சொன்னால், அதை எடுத்தால் ரொக்கத் தள்ளுபடி போய்விடுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். இரண்டு வழியிலும் கடைசிவரை கட்டும் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்.

9. மேசையில் கடைசியாக வந்து சேருபவை

விலை முடிந்து எல்லோரும் சிரிக்கும் நேரத்தில்தான் இந்தப் பட்டியல் வரும். பெயின்ட் கோட்டிங், நைட்ரஜன், கூடுதல் வாரண்டி, பராமரிப்புத் திட்டம்.

டயரில் நைட்ரஜன் நிரப்ப தனிக்கட்டணம் தேவையில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கோட்டிங் வேண்டுமானால் வெளியில் அதைத் தொழிலாகச் செய்பவரிடம் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கூடுதல் வாரண்டியை மட்டும் உடனே தள்ளிவிடாதீர்கள். டர்போ எஞ்சினும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸும் பழுதானால் செலவு பெரிது. ஆனால் அது உற்பத்தியாளரே தருவதா, மூன்றாம் நிறுவனம் தருவதா என்று பாருங்கள். கிளட்ச், பிரேக் பேட் போன்ற தேயும் பொருட்கள் வழக்கமாக அதில் அடங்காது. டிராக்கில் ஓட்டினால் வரும் பழுதையும் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். எஞ்சின் டியூனிங் செய்யும் எண்ணம் இருந்தால் இந்தப் பணம் வீணாகிவிடும். அன்றே வாங்க வேண்டுமா, முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாமா என்றும் கேளுங்கள்.

10. முன்பண ரசீதில் என்ன இருக்க வேண்டும்

ஒருமுறை நான் முன்பணம் கட்டிவிட்டு ரசீதைப் படிக்காமல் பையில் வைத்தேன். வண்டி வருவதற்குள் விலை ஏறியது. "டெலிவரி அன்றைய விலை பொருந்தும்" என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. கூடுதல் பணத்தைக் கட்டித்தான் வண்டியை எடுத்தேன்.

அதனால் இப்போது யாருக்குத் துணையாகப் போனாலும் ரசீதை நானே வாங்கிப் படிக்கிறேன். பேசி முடித்த மொத்தத் தொகை எண்ணாக இருக்க வேண்டும். வேரியண்ட், நிறம், ஒவ்வொரு பேக்கேஜின் பெயரும் ஆப்ஷன் குறியீடும் இருக்க வேண்டும். விலை ஏறினால் யார் ஏற்பது, டெலிவரி எந்தத் தேதிக்குள், தாமதமானாலோ நீங்கள் விலகினாலோ முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதும் இருக்க வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால் ரசீதின் ஓரத்தில் கையால் எழுதி, தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் கேளுங்கள். முன்பணம் சிறிதாக இருக்கட்டும். பெரிய தொகையை முதலிலேயே கட்டிவிட்டவர் எதைக் கேட்டாலும் குரல் அடங்கிவிடுகிறது.

11. கடைசித் தொகையைக் கட்டும் முன் வண்டியைப் பாருங்கள்

வண்டி உங்கள் பெயரில் பதிவாகும் முன், மீதிப் பணம் போகும் முன், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பதிவான பிறகு கண்ட குறைக்கு மாற்று வண்டி கேட்பது மிகக் கடினம்.

சேஸிஸ் எண்ணை முன்கூட்டியே வாங்கி, அந்த எண்ணுள்ள வண்டிதானா என்று ஒப்பிடுங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வண்டியைவிட டயர் சில மாதம் முந்தையதாக இருப்பது இயல்பு. வருடக்கணக்கில் வித்தியாசம் இருந்தால் கேள்வி கேளுங்கள். நான்கும் ஒரே நிறுவனம், ஒரே வகையா என்றும் பாருங்கள்.

ஸ்போர்ட்டி காருக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியவை: தாழ்வான முன் பம்பரின் அடிப்பகுதியில் லாரியில் ஏற்றி இறக்கும்போது உரசிய தடம், அலாய் ரிம் ஓரத்தில் கீறல், ஓட்டுநர் சீட்டின் பக்கவாட்டுத் திண்டில் தேய்மானம். கிலோமீட்டர் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். எண் நூறைத் தாண்டியிருந்தால் எங்கே ஓடியது என்று கேளுங்கள்.

அப்புறம் ஆப்ஷன்கள். திரையையும் சீட்டையும் கண்ணால் பார்க்கலாம். டிஃபரன்ஷியல் அப்படித் தெரியாது. தொழிற்சாலை ஆப்ஷன் தாளைக் கேட்டு, ரசீதில் உள்ள குறியீடு அதில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். என் உறவுக்காரப் பையன் ஒருவன் இப்படிப் பார்த்தபோது பேக்கேஜ் இல்லாத வண்டிதான் வந்திருந்தது. வேண்டுமென்றே செய்ததாகத் தெரியவில்லை, ஆர்டர் போடும்போது ஒரு வரி விடுபட்டிருந்தது. பணம் இன்னும் போகாததால் அவன் ஆறு வாரம் காத்திருந்து சரியான வண்டியை எடுத்தான்.

குறை ஏதாவது சிறியதாக இருந்து வண்டியை எடுக்க முடிவு செய்தால், என்ன குறை, எந்தத் தேதிக்குள் சரி செய்வார்கள் என்று எழுதி வாங்குங்கள். இரண்டாவது சாவி, சர்வீஸ் புத்தகம், வீல் லாக் நட் இருந்தால் அதைக் கழற்றும் சாவி, பஞ்சர் கிட், இலவசமாகத் தருவதாகச் சொன்ன மேட் எல்லாம் டிக்கியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கேயே நின்று மீதித் தொகையை அனுப்புங்கள்.